முன்னால் ஒரு தொல்லை, பின்னால் ஒரு தொல்லை

2014 அக்டோபரில், கனடாவின் வான்கூவருக்குக் குடிவந்து நாலே மாதத்தில், வீட்டில் மூன்று பேருக்கும் பனிச்சறுக்கு சீசன் பாஸ் வாங்கினேன். குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே வாங்கினால் மலிவு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மலிவு என்றால் நாம் யோசிப்பதில்லையே. அந்தக் குளிர்காலம் முழுக்க மழை கொட்டியது. நகருக்கு வடக்கே, சன்னலைத் திறந்தால் தெரிகிற நார்த் ஷோர் மலைகளில் பனி தங்கவே இல்லை. பெரும்பாலான நாட்கள், ஆட்களைச் சரிவின் மேலே ஏற்றுகிற லிஃப்ட் ஓடவில்லை. ஆறு வயது மகள் புது ஸ்கி பேண்டைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று மழையை வேடிக்கை பார்ப்பாள்.

என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர்தான், "பனி இல்லாட்டி என்ன தம்பி, மழை கிடக்குத்தானே. சைக்கிள் ஓடுவம், வாரும்" என்றார். அவர்கள் சைக்கிள் 'ஓடுவார்கள்', நாம் 'ஓட்டுவோம்'. அந்த மலைப்பாதைகளைப் பார்த்த பிறகு அவர்கள் சொல்தான் சரி என்று பட்டது. வண்டி தன் பாட்டுக்கு ஓடும், நாம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆக, பனிக்குக் கொடுத்த காசு மழையில் போய், அதே மழையில் மவுண்டன் பைக் பழகினேன். அடுத்த வருடம் பனி வந்தது, ஸ்கியும் பழகினேன். பத்து வருடமாக இரண்டையும் விடவில்லை. இரண்டிலும் தொல்லை சம அளவுதான், ஆனால் வருகிற நேரம் வேறு. பனிச்சறுக்கின் தொல்லை எல்லாம் மலைக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிடும். சைக்கிளின் தொல்லை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். எதைத் தாங்க முடியும் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதை ரசிப்பீர்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பனிச்சறுக்கில் முதல் பாடம் ஸ்கி பலகைகளைக் காலில் மாட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடும். இங்கே வானிலை அறிக்கையில் 'உறைநிலை உயரம்' என்று ஒரு எண் வரும். எத்தனை மீட்டருக்கு மேலே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்பதைச் சொல்லும் எண். நார்த் ஷோர் மலைகளில் ஒன்றான சீமோரில் கார் நிறுத்துமிடம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உறைநிலை 1,500 மீட்டர் என்று போட்டிருந்தால், அங்கே பெய்வது மழை. நகரத்தில் மழையா வெயிலா என்று பார்த்து ஒரு பயனும் இல்லை. நகரத்தில் மழை பெய்யும்போது மேலே அருமையான பனி விழும். நகரத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போது மேலே நேற்றைய மழை இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும். இன்னும் வடக்கே இருக்கிற பனிச்சறுக்கு ஊரான விஸ்லரில் இது இன்னும் வேடிக்கை. கீழே ஊர் 675 மீட்டரில் இருக்கிறது. அங்கே குடை பிடித்தபடி லிஃப்டில் ஏறி 1,800 மீட்டரில் இறங்கினால் முழங்கால் வரை புதுப்பனி. கீழே மழையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போன புத்திசாலிகளில் நானும் ஒருவன்.

அடுத்தது டயர். விஸ்லருக்குப் போகும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்தோ, மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னமோ இருக்க வேண்டும். பட்டனின் ஆழம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர். சட்டத்துக்கு எழுத்து போதும், மலைச்சாலைக்குப் போதாது. எழுத்து மட்டும் இருந்த டயரோடு ஒரு முறை வளைவில் வண்டி பக்கவாட்டில் மெதுவாக, மிக மெதுவாக வழுக்கி, சாலையோரப் பனிமேட்டில் போய்ச் சாய்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, நாம இப்பவே ஸ்கி பண்றோமா?" என்றாள். மறுவாரம் சின்னம் போட்ட டயர் வாங்கினேன்.

இப்போது பூட்ஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பனிச்சறுக்கு பிடிக்கவில்லை என்று விட்டுப் போனவர்களில் பாதிப்பேருக்குப் பூட்ஸ்தான் பிடிக்கவில்லை என்பது என் கணிப்பு. காலை ஆறரை மணி, கார் நிறுத்துமிடம், பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி. இரவு முழுக்க டிக்கியிலேயே விட்டிருந்த பூட்ஸின் பிளாஸ்டிக் குளிரில் இறுகி, இரும்பாட்டம் ஆகியிருக்கிறது. அதைக் கையால் அகட்டிப் பிடித்துக் குதிகாலை உள்ளே இறக்க வேண்டும். ஒரு காலில் நின்றுகொண்டு இன்னொரு காலை உந்துகிறேன். மேல்பாதம் நடுவில் சிக்கிக்கொள்கிறது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பக்கத்துக் காரில் ஒரு நான்கு வயதுப் பையன் இரண்டு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு ரோபோ மாதிரி நடந்து போகிறான். பூட்ஸ் டிக்கியில் தூங்கக் கூடாது, வீட்டுக்குள் தூங்க வேண்டும். போகும்போதும் காருக்குள் ஹீட்டர் காற்று படுகிற இடத்தில் வைத்தால் போதும், காலை இளக்கமாக வாங்கிக்கொள்ளும்.

அளவு விஷயத்தில் இன்னும் ஏமாந்தேன். வாடகைக்கு எடுத்த கடையில் என் ஷூ அளவைக் கேட்டு, இறுக்குமே என்று ஒரு அளவு பெரிதாகத் தந்தார்கள். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. போதாததற்கு குளிருமே என்று இரண்டு கனத்த சாக்ஸ் போட்டுக்கொண்டேன். இரண்டுமே தப்பு. பூட்ஸுக்குள் கால் ஆடினால், காலைத் திருப்பும்போது கால்தான் திரும்பும், ஸ்கி திரும்பாது. ஆடாமல் இருக்கட்டும் என்று கொக்கிகளை இறுக்குவோம், ரத்த ஓட்டம் நிற்கும், விரல் மரத்துப்போகும். ஸ்கி பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். என் பாதம் 26 சென்டிமீட்டர், எனக்குச் சரியாக இருப்பது 26. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலக வேண்டும். ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். ஸ்கியை வாடகைக்கே எடுங்கள், எத்தனை வருடமானாலும் பரவாயில்லை. பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

வாடகைப் படிவத்தில் இன்னொரு கேள்வி வரும்: நீங்கள் எந்த வகை ஓட்டக்காரர்? நிதானமா, நடுத்தரமா, வேகமா? இந்தக் கேள்விக்கு ஆண்பிள்ளைகள் உண்மை சொல்வதில்லை. நானும் முதல் வருடம் 'நடுத்தரம்' என்று கூசாமல் எழுதினேன். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், இந்தப் பதில் எல்லாவற்றையும் வைத்துத்தான், பூட்ஸை ஸ்கியோடு பிடிக்கிற பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்ஸை விட வேண்டும் என்று திருகி வைக்கிறார்கள். பொய் சொன்னால், விழும்போது ஸ்கி கழலாது. நீளமான பலகை காலோடு சேர்ந்து முறுக்கும், முழங்கால் தசைநார் அதற்கு விலை கொடுக்கும். எடையைக் குறைத்துச் சொன்னால் நேர்மாறாக, வேண்டாத இடத்தில் கழன்று விழும். டாக்டரிடம் சொல்வது போல இங்கேயும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் முடிந்து பனியில் கால் வைத்தால், அப்புறம் தொல்லை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விழுவீர்கள். அது தொல்லைக் கணக்கில் சேராது. குழந்தைகளுக்கு ஸ்கியின் முனைகளைச் சேர்த்து வைப்பதை 'பீட்சா' என்றும், இரண்டையும் நேராக வைப்பதை 'ஃப்ரெஞ்சு ஃப்ரை' என்றும் சொல்லித் தருகிறார்கள். பீட்சா என்றால் வேகம் குறையும், ஃப்ரை என்றால் பாயும். மகள் ஒரு காலையில் இரண்டையும் கற்றுவிட்டாள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. சரிவைப் பார்த்ததும் என் உடம்பு தானாகப் பின்னால் சாயும். யாருக்குத்தான் சாயாது? படிக்கட்டில் தடுக்கினால் பின்னால்தானே சாய்கிறோம். ஆனால் பின்னால் சாய்ந்தால் ஸ்கியின் முன்பகுதியில் பாரம் இல்லாமல் போய்விடுகிறது. திருப்புவதற்குப் பிடி இல்லாமல் அது நேராகப் பாய்கிறது. பயந்து சாய்கிறோம், சாய்ந்ததால் வேகம் கூடுகிறது, கூடினதால் இன்னும் சாய்கிறோம். இதை உடைக்க ஒரே வழி, சரிவுக்குள்ளேயே முன்னால் சாய்வது. அறிவுக்குப் புரியும், கால் கேட்காது.

அப்போதுதான் அண்ணா பக்கத்தில் வந்து நின்று, "கீழ பாக்காதையும் தம்பி. போற இடத்தைப் பாரும்" என்றார். நான் என் ஸ்கி முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கித் தூரத்து மரத்தைப் பார்த்ததும் தோள் நிமிர்ந்தது, இடுப்பு முன்னால் வந்தது. யாரோ கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. இதையே ஒரு வருடம் முன்பு, மழையில், சைக்கிளிலும் அவர் சொல்லியிருந்தார். அங்கே வேரைப் பார்த்தேன், வேரில் விழுந்தேன்.

இரண்டுக்கும் இன்னொரு ஒற்றுமை எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பனியில் இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது ஸ்கியில், அதாவது வெளிப்பக்கக் காலில் இருக்க வேண்டும். சைக்கிளில் வளைவில் திரும்பும்போதும் வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி, அதை அழுத்தி நிற்க வேண்டும். வண்டியை மட்டும் உள்ளே சாய்க்கிறோம், உடம்பு அதன் மேல் நிமிர்ந்து நிற்கிறது. இது பிடிபட்ட கோடையில் என் சைக்கிள் தேறியது. அடுத்த குளிர்காலத்தில் ஸ்கியும், ஒரு பைசா செலவில்லாமல், தேறியிருந்தது.

மகிழ்ச்சி என்றால் எனக்கு வாரநாள் ராத்திரிதான். நார்த் ஷோர் மலைகளில் விளக்குப் போட்டு இரவிலும் லிஃப்ட் ஓட்டுவார்கள். அலுவலகம் முடிந்து அரைமணி காரில் போனால், எட்டு மணிக்கு மலை உச்சியில் நிற்கலாம். மூச்சு புகையாக வரும். மேகத்துக்கு மேலே நாம், மேகம் விலகின ஓட்டைகளில் கீழே வான்கூவர் முழுக்க தீபாவளி மாதிரி மினுக்கும். லிஃப்ட் நின்றுபோன ஒரு சில நிமிடங்களில், காற்றில் தொங்கிக்கொண்டு, பனி விழுவது காதில் கேட்டது. பனிக்குச் சத்தம் உண்டு, ஜாக்கெட் தொப்பியில் விழும்போது மணல் தூவின மாதிரி இருக்கும். அந்த ஒரு சத்தத்துக்காக மூன்று மாதம் டயர், பூட்ஸ், பாஸ் என்று அலைந்தது எல்லாம் கழிந்துபோகும். ஆனால் இதே மலைக்குச் சனிக்கிழமை பத்து மணிக்குப் போகாதீர்கள். கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

அடிபட்டதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடம், சமதளத்தில், நடக்கிற வேகத்தில் விழுந்தேன். கையில் ஸ்கி கம்பின் வார் மாட்டியிருந்தது. கையை ஊன்றியபோது கம்பு கட்டைவிரலை வெளிப்பக்கமாக நெம்பிவிட்டது. கட்டைவிரலின் அடியில் உள் பக்கத் தசைநார் கிழிவதற்கு 'ஸ்கியர்ஸ் தம்ப்' என்றே பெயர் இருக்கிறதாம். பாதிக் கிழிசல். ஆறு வாரம் விரல் ஆடாமல் தப்பை வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, மாவு டப்பா மூடி திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து வாருக்குள் கையை விடுவதில்லை. விழும்போது கம்பைப் போட்டுவிடலாம், கம்பு போனால் திரும்ப எடுக்கலாம். இன்னொன்று: இந்த மாகாணத்துப் பொது மருத்துவக் காப்பீடு எக்ஸ்ரேக்கும் டாக்டருக்கும் கொடுக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அது ஆரம்பிக்கவே மூன்று மாதம் வரை ஆகும். பிசியோதெரபி என்னுடைய பாடு. அலுவலகக் காப்பீட்டில் அது இருக்கிறதா என்று விழுவதற்கு முன்பே பார்த்துவையுங்கள்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறையப் பனி பெய்த நாளில், தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் மரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். மேலே ஒன்றும் தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கஷ்டம், மூச்சு அடைத்துவிடும். மரங்களுக்குள் போகிறவர்கள் கூட்டாளி கண்ணில் படும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கயிறு கட்டி மூடியிருக்கிற இடத்துக்குள் போகாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வழி தவறினால் தேடி வருகிறவர்கள் நார்த் ஷோர் ரெஸ்க்யூ, 1965 முதல் இயங்கும் தன்னார்வலர்கள். காசு கேட்க மாட்டார்கள். அதனாலேயே அவர்களைக் கூப்பிட வேண்டிய நிலை வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

சைக்கிளுக்கு வருவோம். ஊரில் பைக் என்றால் மோட்டார் பைக். "மலையில பைக்லருந்து விழுந்துட்டேம்மா" என்று ஃபோனில் சொல்லி, அம்மா அழுது, அது ஒரு தனிக் கதை.

சைக்கிளில் கிளம்புவது சுலபம். ஃப்ரோம் மலையின் அடிவாரம் வரை காரில் போய், மவுண்டன் ஹைவே என்கிற சரளைச் சாலையில் பெடல் போட்டு ஏறினால், பாப்ஸ்லெட் என்ற சின்னப் பாதை வரும். வளைவுகளில் சுவர் எழுப்பி, தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிவிடும். தொடக்கக்காரர்களுக்குச் சரியான பாதை. டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. காசுக்குப் பதில் தொடை கொடுக்கிறது.

நான் செய்த பெரிய தப்பு காற்று. ஊர் வழக்கப்படி டயரைக் கல் மாதிரி அடித்து, 40 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு போனேன். நார்த் ஷோர் பாதை என்பது பாதி மண், பாதி தேவதாரு வேர்கள். மழையில் அந்த வேர்கள் எண்ணெய் தடவின வாழைத்தண்டு. கல் டயர் அதன் மேல் ஏறுவதில்லை, துள்ளுகிறது. அண்ணா ஒன்றும் பேசாமல் வந்து வால்வை அமுக்கி, புஸ்ஸென்று பாதிக் காற்றை இறக்கிவிட்டார். இப்போது 75 கிலோ உடம்புக்கு, டியூப் இல்லாத டயரில் முன்னால் 22, பின்னால் 25 வைக்கிறேன். டயர் வேரைப் பற்றிக்கொண்டு போகிறது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் புது சைக்கிள் வாங்கின மாதிரி இருந்தது. வேரைக் குறுக்கே, செங்குத்தாகக் கடக்க வேண்டும். வேரின் மேல் இருக்கும் கணத்தில் பிரேக்கைத் தொடக் கூடாது.

வளைவுகளில் "ஓய்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போங்கள், கரடிக்காக. இங்கே கருங்கரடிகள் சாதாரணம். திடீரென்று எதிரே போய் நின்றால்தான் இரண்டு பேருக்கும் சங்கடம். பார்த்தால் ஓடாதீர்கள், பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

அப்புறம் வீட்டுக்கு வருகிறோம். இப்போதுதான் கணக்கு ஆரம்பம். மூன்று மணி நேரம் ஓட்டினதற்கு ஒரு மணி நேரம் கழுவல். அவசரத்தில் ஒரு முறை கார் கழுவும் இடத்தில் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சினேன். சேறு போச்சு, பேரிங்குக்குள் இருந்த கிரீஸும் சேர்ந்து போச்சு. ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். ஈர மணல் பிரேக் கட்டைகளை அரம் மாதிரி தின்றுவிடும். மழையில் ஓட்டுகிறவர்களுக்கு உலோகக் கலவைக் கட்டைதான் நின்று பிடிக்கும், கொஞ்சம் கிரீச்சிடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முன் ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களை ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். நான் இரண்டு வருடம் தொடவே இல்லை. திறந்தபோது எண்ணெய் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பின் கியர்மாற்றியைச் சட்டத்தோடு பிடிக்கிற ஹேங்கர் என்ற அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. பாறையில் இடித்தால் விலை உயர்ந்த கியருக்குப் பதில் அது வளையட்டும், உடையட்டும் என்றே செய்தது. வண்டிக்கு வண்டி வடிவம் மாறும். உங்கள் வண்டிக்கானது ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். இல்லாமல் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். இதற்கிடையே பால்கனியிலிருந்து சொட்டின சேற்றுத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் விழுந்து, அவருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பாதைகளையெல்லாம் யார் பராமரிக்கிறார்கள் என்பதே முதலில் எனக்குத் தெரியாது. நார்த் ஷோர் மவுண்டன் பைக் சங்கத்தின் தன்னார்வலர்கள்தான் முக்கியமாக மண் சுமக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நானும் மண்வெட்டியோடு போனேன். மேலே இருக்கிற கறுப்பு மண் இலையும் மட்டையும் மக்கினது. தோட்டத்துக்கு நல்லது, பாதைக்கு ஆகாது, மழையில் சேறாகிவிடும். அதை ஒதுக்கித் தோண்டினால் ஒரு முழத்துக்குக் கீழே மஞ்சள் கலந்த செம்மண் வரும். அதை வாளியில் அள்ளிக் கொட்டி, மிதித்து, தண்ணீர் பக்கவாட்டில் வடிகிற மாதிரி சாய்த்து விட்டால்தான் பாதை நிற்கும். ஐந்து பேர் ஒரு நாள் முழுக்க உழைத்து எட்டு மீட்டர் போட்டோம். சைக்கிளில் அதை இரண்டு நொடியில் கடந்துவிடலாம். அதற்குப் பிறகு சேறு சொதசொதவென்று இருக்கிற நாளில் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போக எனக்குக் கை வருவதில்லை.

ஒரே ஒரு தடவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் ஸ்கி ஏற்றுகிற விஸ்லர் லிஃப்ட் கோடையில் சைக்கிளை ஏற்றும். தொடை வலி இல்லாமல் நாள் முழுக்க இறங்கலாம் என்று ஆசையாகப் போனேன். பதினொரு மணிக்கெல்லாம் பிரேக் பிடித்துப் பிடித்து முன்கை மரத்து, விரலை மடக்க முடியவில்லை. பிரேக்குக்கு ஒரு விரல்தான், மற்ற மூன்றும் கைப்பிடிக்கு. சும்மா தடவிக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன்னால் அழுத்திவிட்டு விட்டுவிட வேண்டும். மத்தியானம் நான் பெஞ்சில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தேன். மகள் பத்தாவது தடவை ஏறிப் போனாள்.

போன அக்டோபரில் பழைய ஸ்கி சாமான் விற்கிற சந்தைக்கு வழக்கம்போலப் போனோம். வருடத்துக்கு ஒரு பூட்ஸ் என்று வளர்ந்தவள், இந்தத் தடவை காலை விட்டுப் பார்த்து, "போன வருஷத்துதே பத்துதுப்பா" என்றாள். எனக்குக் காசு மிச்சம் என்கிற சந்தோஷம் பாதிதான் வந்தது. வெளியே வந்தால் மழை. அவளே ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

"உறைநிலை எவ்வளவு?"

"2,400."

டிக்கியைத் திறந்து காற்றடிக்கிற பம்பைத் தேட ஆரம்பித்தாள்.